ரசீது இல்லாதவள்

கறுப்புக் கோட்டுக்கு இஸ்திரி போடுவது எல்லோருக்கும் வராது. சூடு நேராகப் பட்டால் துணி பல்லிளித்துவிடும். தோளிலும் முழங்கையிலும் ஒரு மினுமினுப்பு ஏறி, நேற்று வாங்கிய கோட்டு பத்து வருஷத்துக் கோட்டாகிவிடும். மேலே ஈரத் துணியை விரித்து, ஆவி மட்டும் உள்ளே இறங்கும்படி பெட்டியை வைத்து வைத்து எடுக்க வேண்டும். இழுக்கவே கூடாது. அந்தச் சலவைக்கூடத்தில் பதினாறு பேர் வேலை பார்த்தாலும் வக்கீலின் கோட்டை மடிப்பக்கா ஒருத்திதான் தொடுவாள். திங்கட்கிழமை வரும், வெள்ளிக்கிழமை போகும். இருபத்திரண்டு வருஷமாக அதுதான் வழக்கம்.

மடிப்பக்கா என்பது பெற்றவர்கள் வைத்த பெயரில்லை. அவள் தேய்த்த கால்சட்டையின் மடிப்பில் தக்காளி நறுக்கலாம் என்று வேன் ஓட்டுகிற அவளுடைய தம்பி ஒருநாள் சொல்லிவைத்தான். அன்றிலிருந்து வாடிக்கையாளர் முதல் ஆஸ்பத்திரி மேலாளர் வரைக்கும் அவள் மடிப்பக்காவாகிவிட்டாள். அவள் வீட்டுக்காரருக்குப் பாய்லர்காரர் என்று பெயர். அதற்கு விளக்கம் தேவையில்லை. கூடத்தின் பின்பக்கம் அந்த இரும்புப் பூதத்துக்குத் தீனி போட்டு, அது எந்த நேரத்தில் எந்த மாதிரி உறுமும் என்று தெரிந்து வைத்திருக்கிற ஒரே ஆள் அவர்தான். பெண்டாட்டி முகம் சுருங்கினால் தெரியாது, பாய்லர் மூச்சு மாறினால் தெரிந்துவிடும் என்று மடிப்பக்கா கேலி செய்வாள்.

அந்தத் திங்கட்கிழமையும் கோட்டு வந்தது. அவள் அதைத் தூரத்து ஆணியில் மாட்டிவிட்டு, அதன் பக்கம் திரும்பாமலே வேலை பார்த்தாள். தொடவில்லை. செவ்வாயும் தொடவில்லை. புதன்கிழமை ஈரத் துணியைக்கூட நனைத்துக் கையில் எடுத்தாள். பிறகு அதை உதறிக் கொடியில் போட்டுவிட்டாள்.

காரணம் இருந்தது. மூன்று மாதத்துக்குள் அவளும் அவள் வீட்டுக்காரரும் இடத்தைக் காலி செய்ய வேண்டும் என்று முந்தின வாரம் கடிதம் வந்திருந்தது. வேலை பார்க்கிற கூடம், மேலே குடியிருக்கிற இரண்டு அறை, எல்லாம் சேர்த்துத்தான். அந்த நிலைக்கு அவர்களைக் கொண்டுவந்து விட்டது, ஆணியில் தொங்குகிற கோட்டுக்குச் சொந்தக்காரர்.

சலவைக்கூடம் பெரியம்மாவுடையது. யாருக்கும் பெரியம்மா இல்லை, எல்லோருக்கும் பெரியம்மா. பிள்ளை குட்டி கிடையாது. அண்ணன் மகன் ஒருவன் கடல் கடந்து எங்கோ இருந்தான். வருஷத்துக்கு ஒரு வாழ்த்து அட்டை வரும், அதிலும் கையெழுத்து அச்சடித்ததாக இருக்கும். பெரியம்மாவுக்கு நுரையீரலில் நீர் கோத்து, மாடியறையை விட்டு இறங்க முடியாமல் போனபோது, தலையணையை உயர்த்தி வைத்ததும் மடிப்பக்காதான், முதுகைத் தடவியதும் மடிப்பக்காதான். வேலைக்கு வந்தவள் இதையும் செய்தாள், அவ்வளவுதான். கணக்குப் பார்த்துச் செய்யவில்லை.

ஒரு மழைநாளில் பெரியம்மா வக்கீலை வரச்சொன்னார். பகல் பதினொரு மணி இருக்கும். மழை கொட்டு கொட்டென்று கொட்டியது. வக்கீல் நனைந்து நின்றார். அவருடைய குமாஸ்தாவுக்குக் காய்ச்சல். பன்னிரண்டு மணிக்கு அவருக்குக் கோர்ட்டில் முக்கியமான வழக்கு. வந்த வேகத்தில் மடிப்பக்காவைப் பார்த்து, "உங்களுக்குத்தாம்மா எழுதறாங்க. அதனால நீங்க இங்க நிக்கக் கூடாது. கையெழுத்தும் போடக் கூடாது. கீழ போங்க" என்றார்.

உங்களுக்குத்தான் எழுதுகிறார்கள் என்றால் என்ன எழுதுகிறார்கள் என்று அவளுக்கு முதலில் புரியவே இல்லை. படியிறங்கி வந்து, துணி தேய்க்கிற உருளை இயந்திரத்தில் ஆஸ்பத்திரி விரிப்புகளைக் கொடுக்கத் தொடங்கினாள். நாலாவது விரிப்பு போகும்போது புரிந்தது. இந்தக் கூடம். இந்த உருளை. இந்த வெள்ளை வெள்ளையான ஆவி. கை அதுபாட்டுக்கு வேலை செய்துகொண்டிருக்க, மனசு மட்டும் மலைத்துப்போய் நின்றுவிட்டது. ஒரு மனுஷி இன்னொரு மனுஷியை இவ்வளவு நம்ப முடியுமா? அன்று மடிப்பக்கா கையிலிருந்து போன விரிப்புகள் வாழ்க்கையில் முதல்முறையாகக் கோணலாக வெளியே வந்தன.

மேலே சாட்சிக்கு இரண்டு பேர் தேவைப்பட்டது. மழையில் வேன் கிளம்ப முடியாததால் தம்பி கையில் அகப்பட்டான். இன்னொருவர், மாடிக்குப் போகிற வெந்நீர்க் குழாய் ஒழுகுகிறது என்று பார்க்க வந்த பாய்லர்காரர். பாய்லர்காரரின் கையெழுத்து சாதாரணக் கையெழுத்தல்ல. கடைசி எழுத்திலிருந்து நீளமாக ஒரு வாலை இழுத்து, அந்த வாலுக்கு அடியில் இரண்டு புள்ளி வைப்பார். ரசீது போடும்போதெல்லாம் அந்த வாலை ரசித்து ரசித்து இழுப்பார். அன்று உயிலிலும் இழுத்தார்.

பெரியம்மா போய் நாற்பது நாள் கழித்துத்தான் விஷயம் தெரிந்தது. உயிலில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவருக்கு அந்த உயிலால் எதுவும் கிடைக்காதாம். அவருடைய கணவனுக்கோ மனைவிக்கோகூடக் கிடைக்காதாம். உயில் அப்படியே நிற்கும். மற்ற வரிகள் எல்லாம் செல்லும். மடிப்பக்காவுக்கு எழுதிய அந்த ஒரு வரி மட்டும், தையல் விட்ட பொத்தான் மாதிரி உதிர்ந்துவிடும். உதிர்ந்தது அண்ணன் மகன் மடியில் போய் விழுந்தது. காலி செய்யச் சொல்லிக் கடிதம் அனுப்பியதும் அவன்தான்.

"தம்பி போட்டா ஆகுமாம், புருஷன் போட்டா ஆகாதாம்" என்று மடிப்பக்கா அன்று சிரித்தாள். சிரித்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு பாய்லர்காரர் எதிலும் கையெழுத்துப் போடுவதில்லை. கவுன்ட்டரில் இருக்கிற பெண் சாப்பிடப் போனால் அவர்தான் ரசீது கொடுப்பார். இப்போது பேனாவை எடுக்கவே மாட்டார். கூடத்தின் ரப்பர் முத்திரையைத் தேடி எடுத்துக் குத்திக் கொடுத்துவிடுவார். ஆஸ்பத்திரி வேன்காரர், "என்ன பாய்லரே, வால் எங்கே?" என்று கேட்டபோது, "அறுந்துபோச்சு" என்றார். மடிப்பக்கா அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவளுக்கும் கோபம் இருந்தது. இவர் ஏன்தான் அந்தக் குழாயைப் பார்க்க அன்றைக்குப் போனார் என்ற கோபம்.

புதன்கிழமை மத்தியானம் மூவரும் பின்பக்கம் பெஞ்சில் உட்கார்ந்து ரொட்டியும் அவித்த முட்டையும் தின்றுகொண்டிருந்தார்கள். வெயில் சுள்ளென்று அடித்தது.

"அந்தக் கோட்டை என்னக்கா பண்ணப் போறே?" என்றான் தம்பி.

"சுருட்டிக் கொடுக்கப் போறேன்."

"நீயா? சுருட்டுவியா? உனக்குக் கை வருமா?"

"வரவச்சுக்கறேன்."

"அவரைச் சொல்லி என்ன ஆகப்போவுது, கையெழுத்துப் போட்டது நான்தானே" என்றார் பாய்லர்காரர், முட்டை ஓட்டைப் பார்த்துக்கொண்டே.

"அதான் தெரியுதே. போடறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல? வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க?"

பாய்லர்காரர் முட்டை ஓட்டைப் பொறுக்கினார். தம்பிதான் கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்தான்.

"என்ன மாமா, நீங்க கேட்டீங்களே!"

"சும்மா இருடா."

"என்னத்தைச் சும்மா இருக்கறது? அக்கா, நான் பக்கத்துலயே நின்னேன். இவர் பேனாவை வாங்கிட்டு, உயில்ல இருந்த உன் பேரைக் காட்டிக் கேட்டாரு. 'சார், நான் இவங்க வீட்டுக்காரர். நான் போடலாமா?'ன்னு. அவரு கடிகாரத்தைப் பார்த்துட்டே, 'போடுங்க போடுங்க, நேரமாவுது'ன்னாரு."

மடிப்பக்கா வீட்டுக்காரரையே பார்த்தாள். "கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"ஏன் இத்தனை நாளா சொல்லல?"

"சொன்னா மட்டும்? போட்ட கையெழுத்து அழிஞ்சிடுமா? இன்னொருத்தர் மேல பழியைத் தூக்கிப் போட்டுட்டு நான் நிம்மதியா தூங்கணுமா?"

நாலு மாதமாக இந்த மனுஷனைத் திட்டித் தீர்த்திருக்கிறாள். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டிருக்கிறார். தன் தட்டிலிருந்த முட்டையை எடுத்து அவர் தட்டில் வைத்தாள். மன்னிப்பு என்று அவர்கள் வீட்டில் தனியாக ஒன்று கேட்பது கிடையாது.

"சரி, கிளம்புங்க. தம்பி, வேனை எடு."

"எங்கக்கா?"

"வேற வக்கீல்கிட்ட."

டயர் கடைக்கு மேலே ஒரு வக்கீலம்மா இருந்தார். தடித்த கண்ணாடி. மேசையில் காகிதக் குவியலுக்கு நடுவே அவர் தலை மட்டும் தெரியும். நடந்ததை எல்லாம் முதலிலிருந்து கேட்டுக்கொண்டார். பாய்லர்காரர் கேட்ட கேள்வி வந்ததும் நிமிர்ந்தார். அதை இரண்டாம் முறை சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டார்.

"தப்பு அவரோடதுதான். அதுல சந்தேகமே இல்ல. வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷமே இதைத்தான் சொல்லிக் கொடுப்பாங்க."

"அப்போ அவர் மேல கேஸ் போடுங்கம்மா."

"யார் போடறது?"

"நான்தான்."

"அங்கதான் சிக்கல்." வக்கீலம்மா கண்ணாடியைக் கழற்றினார். "வக்கீல் தப்புப் பண்ணினா, அவரை வச்சவங்கதான் கேட்கலாம். அவரை வச்சது நீங்க இல்ல. பெரியம்மா. அவங்கதான் கட்சிக்காரர்."

"அவங்கதான் போயிட்டாங்களே!"

"போயிட்டா அந்த உரிமை அவங்க சொத்தோட சேர்ந்து வாரிசுக்குப் போகும்."

"வாரிசு யாரு?"

"அண்ணன் மகன்."

தம்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நல்லா இருக்கே! அந்தத் தப்பாலதான் அவனுக்கு எல்லாம் கிடைச்சிருக்கு. அவன் போய்க் கேஸ் போடுவானா?"

"போட்டாலும் நிக்காது. அவருக்கு நஷ்டம் எதுவும் இல்லையே."

மடிப்பக்கா விரலை மடக்கி மடக்கிப் பார்த்தாள். "கேட்க உரிமை இருக்கறவங்க செத்துட்டாங்க. அது யார்கிட்ட வந்துச்சோ அவனுக்கு நஷ்டமில்ல. நஷ்டப்பட்டவ நான், எனக்கு உரிமை இல்ல. அப்போ இந்தத் தப்பை உலகத்துல யாருமே கேட்க முடியாதா?"

"ரொம்ப காலம் அப்படித்தான் சொல்லிட்டிருந்தாங்க."

கீழே யாரோ டயரைச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார்கள். மடிப்பக்கா எழுந்துவிட்டாள். எழுந்தவளுக்கு ஏனோ ஒரு கல்யாண உடை ஞாபகத்துக்கு வந்தது. நின்றபடியே சொன்னாள்.

"எங்க கூடத்துல ஒரு விஷயம் நடந்துச்சும்மா. ஒரு தையல்கடைக்காரர் கல்யாண உடுப்பு ஒண்ணு கொண்டாந்து கொடுத்தாரு. கறை எடுக்கற மருந்து கூடிப்போய், கழுத்துகிட்ட இருந்த பின்னல் வேலை கருகிடுச்சு. நான்தான் பண்ணினேன், பொய் சொல்லல. கல்யாணப் பொண்ணு அழுதுகிட்டே ஓடி வந்துச்சு. கவுன்ட்டர்ல இருந்த பொண்ணு, 'ரசீது உங்க பேர்ல இல்லையே, கடைக்காரர் வந்தாத்தான் பேசுவோம்'னு சொல்லிடுச்சு. கடைக்காரரோ, 'எனக்குத் தையற்கூலி வந்துடுச்சு, எனக்கென்ன?'ன்னு இருந்துட்டாரு. பெரியம்மா உள்ள இருந்து வந்தாங்க. 'ரசீது யார்கிட்ட வேணா இருக்கட்டும். இதை உடுத்தப் போற உடம்பு இவளோடது. நான் இவளுக்குத்தான் பதில் சொல்லணும்'னாங்க. ரெண்டு நாள் நானும் அவங்களும் உட்கார்ந்து அந்தப் பின்னலைத் திரும்பப் போட்டோம்." அவள் மூச்சு வாங்கினாள். "இந்த உயிலும் அப்படித்தானேம்மா? சொன்னது பெரியம்மா. ஆனா உடுத்தப் போறவ நான்னு அந்த வக்கீலுக்குத் தெரியும். தெரிஞ்சுதான் என்னைக் கீழ போகச் சொன்னாரு."

வக்கீலம்மா எழுந்து போய், நாற்காலி மேல் ஏறி, மேல்தட்டிலிருந்து ஒரு தடிப் புத்தகத்தை இறக்கினார். தூசியை ஊதினார். பக்கம் புரட்டி ஓர் இடத்தில் விரலை வைத்து, நிறுத்தி நிறுத்திப் படித்தார். யாருடைய நன்மைக்காக அந்த வேலை செய்யப்பட்டதோ, அவர் யாரென்று வக்கீலுக்குத் தெரிந்தே இருந்ததோ, அவருக்கு வக்கீல் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். அவரும் கேட்க முடியாதென்றால் கேட்பதற்கு வேறு யாரும் இல்லை. கேட்பாரில்லாத தப்பைச் சட்டம் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அதுதான் சாரம்.

"இதை எழுதினவர் பெரிய நீதிபதி. உங்க பெரியம்மா சொன்னதைத்தான் நாற்பது பக்கத்துல எழுதியிருக்கார்."

மடிப்பக்காவுக்கு உடம்பு சிலிர்த்தது. ஈரக்கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, கவுன்ட்டரில் சாய்ந்து நின்று பெரியம்மா சொன்ன வார்த்தை. அது எப்படி இந்தப் புத்தகத்துக்குள் வந்து உட்கார்ந்தது? முகம் தெரியாத ஒரு நீதிபதியும் பெரியம்மாவும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். அந்தப் பக்கத்தை ஒருமுறை தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டாள். வக்கீலம்மா புத்தகத்தை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

"ஜெயிச்சா நஷ்டஈடு கிடைக்கும். அதை வச்சு அந்த இடத்தை அண்ணன் மகன்கிட்டயே நீங்க வாங்கிக்கலாம். ஆனா ஒண்ணு. உங்க வீட்டுக்காரர் கேட்ட கேள்வி. அதை அவர் மறுத்துட்டா, உங்க சொந்தக்காரங்க ரெண்டு பேர் சொல்றதை வச்சுத்தான் நாம நிக்கணும். கஷ்டம். நான் முதல்ல நோட்டீஸ் அனுப்பறேன்."

"அதுக்கு முன்னாடி நானே சொல்லணும். வெள்ளிக்கிழமை கோட்டு எடுக்க வருவாரு. முதுகுக்குப் பின்னாடி காகிதம் அனுப்பறது எனக்கு ஒத்துவராது."

"சொல்லாதீங்கன்னுதான் நான் சொல்வேன்."

"நீங்க சொல்லிட்டீங்க. நான் கேட்டுக்கிட்டேன்" என்றாள் மடிப்பக்கா.

வியாழக்கிழமை அவள் கோட்டை ஆணியிலிருந்து எடுத்தாள். சுருட்டவில்லை. தம்பி சொன்னது சரிதான், கை வரவில்லை. ஈரத் துணியை விரித்து, பெட்டியை வைத்து வைத்து எடுத்தாள். காலரின் உள்பக்கம், கையின் மடிப்பு, பின்பக்கத்துப் பிளவு என்று ஒன்றையும் விடவில்லை. பெரியம்மா இருந்திருந்தாலும் குறை சொல்லியிருக்க முடியாது.

வெள்ளிக்கிழமை வக்கீல் வந்தார். உயில் விஷயம் வெளியானதிலிருந்து குமாஸ்தாவைத்தான் அனுப்பிக்கொண்டிருந்தார். மடிப்பக்கா சொல்லியனுப்பியிருந்ததால் அன்று அவரே வந்தார். தலை முன்னைவிட வெளுத்திருந்தது. மடிப்பக்கா கோட்டைக் கவுன்ட்டரில் மாட்டினாள். கையை எடுக்கவில்லை.

"சார், உங்க மேல கேஸ் போடப்போறேன்."

உருளை இயந்திரத்தில் நின்றிருந்த பெண்கள் திரும்பினார்கள். யாரோ இயந்திரத்தை நிறுத்தினார்கள். பின்பக்கத்திலிருந்து பாய்லர்காரர் கையில் கந்தல் துணியோடு வந்து நின்றார்.

"சொல்லாம செய்யக் கூடாதுன்னுதான் சொல்றேன். எனக்கு உரிமை இருக்குன்னு சொல்றாங்க. இல்லைன்னு நீங்க வாதாடலாம்."

"வாதாடலாம்" என்றார் வக்கீல். "கட்சிக்காரர் இல்லாதவங்க கேட்க முடியாதுன்னு பழைய தீர்ப்பு ரெண்டு என் அலமாரியில இருக்கு. காலையில எடுத்துப் பார்த்தேன். மூடி வச்சுட்டேன்."

அவர் மடிப்பக்காவைத் தாண்டிப் பாய்லர்காரரைப் பார்த்தார்.

"நீங்க என்கிட்ட கேட்டீங்க. 'நான் இவங்க வீட்டுக்காரர், போடலாமா?'ன்னு. காதுல விழுந்துச்சு. மண்டையில ஏறல. கடிகாரத்தைப் பார்த்துட்டிருந்தேன். கோர்ட்ல கேட்டாலும் இதைத்தான் சொல்வேன்."

பாய்லர்காரர் கந்தல் துணியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். மறுபடியும் மாற்றினார்.

"இதை நான் இங்க சொல்லியிருக்கக் கூடாது" என்றார் வக்கீல். "எனக்குன்னு ஒரு வக்கீல் வைக்கணும் இப்போ. அவர் கேட்டா தலையில அடிச்சுப்பார்."

பின்னால் ஒரு பெண் களுக்கென்று சிரித்து வாயைப் பொத்திக்கொண்டாள். மடிப்பக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. பிரமிப்பாக இருந்தது. வாயால் பிழைக்கிற ஒரு மனுஷன், அந்த வாயாலேயே தன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டு நிற்கிறார். பதினாறு பேர் முன்னால், ஒருவரும் கட்டாயப்படுத்தாமல். இரண்டு நாளாக மனசுக்குள் எழுதி வைத்திருந்த வசவு எல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. கோபம் தீர்ந்துவிட்டதா என்றால், இல்லை. ஆனால் கோபத்துக்குப் பக்கத்திலேயே வேறொன்றும் வந்து நின்றுகொண்டது. அதற்கு மரியாதை என்று பெயர் வைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

வக்கீல் கோட்டை எடுத்துக் கையில் போட்டுக்கொண்டார். தடவிப் பார்த்தார். "நல்லா வந்திருக்கு" என்றார், வழக்கம்போல. அப்புறம், "ஆனா கேஸ் அன்னைக்கு இதைப் போட்டுக்கிட்டு வர முடியாது. அன்னைக்கு நான் வக்கீல் இல்ல. கூண்டுல நிக்கறவன்."

"அன்னைக்குப் போடறதுக்கு என்ன வச்சிருக்கீங்க?"

"ஏதாவது ஒரு வெள்ளைச் சட்டை."

"கொண்டாங்க. தேய்ச்சு வைக்கறேன். கசங்கின சட்டையோட போய் அங்க நிக்காதீங்க" என்றாள் மடிப்பக்கா.

திங்கட்கிழமை அவர் கொண்டுவந்தார். மத்தியானம், கவுன்ட்டர் பெண் சாப்பிடப் போயிருந்த நேரம். பாய்லர்காரர்தான் இருந்தார். சட்டையை விரித்து, பையைத் துழாவி, பொத்தான்களை எண்ணி, புத்தகத்தில் எழுதினார்: வெள்ளைச் சட்டை ஒன்று, காலரில் பழைய மைக்கறை. எழுதி முடித்துக் கை பழக்கப்படி முத்திரையைத் தேடியது. முத்திரை அங்கேயேதான் இருந்தது. எடுக்கவில்லை. பேனாவைப் பிடித்தபடி நிமிர்ந்தார்.

"சார்" என்றார். "நான் இவங்க வீட்டுக்காரர். நான் போடலாமா?"

இஸ்திரி மேசையில் மடிப்பக்கா பெட்டியைத் தூக்கி நிறுத்தி வைத்தாள். வக்கீல் கையிலிருந்த பையைத் தரையில் வைத்தார். ரசீதை வாங்கி முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்தார். பாய்லர்காரர் முகத்தைப் பார்த்தார். கடிகாரத்தின் பக்கம் திரும்பவே இல்லை.

"போடலாம்" என்றார்.

பாய்லர்காரர் போட்டார். வாலை நீளமாக இழுத்து, அடியில் இரண்டு புள்ளி வைத்தார்.